கடனின்மை என்னும் சுகம்: தாய்லாந்தில் குடியேறிய அயலாரும் ஒரு பௌத்த வினாவும்

தேரவாத பௌத்தம் இன்பதுன்பங்களைப் பொருள்களின் இயல்பாகக் கொள்வதில்லை. பொறியும் புலனும் அறிவும் கூடுமிடத்தில் ஊறு பிறக்கிறது. ஊறு காரணமாக நுகர்ச்சியும், நுகர்ச்சி காரணமாக வேட்கையும், வேட்கை காரணமாகப் பற்றும் தோன்றுகின்றன என்று அது வரிசைப்படுத்துகிறது. மணிமேகலை வழங்கும் இச்சொற்களில் நுகர்ச்சி என்பது பாலியில் வேதனா எனப்படும் வெறும் உணர்ச்சியைக் குறிக்கும். இனிமை, இன்னாமை, இரண்டுமற்ற நிலை ஆகிய மூன்றுக்கு மேல் அதில் எதுவும் இல்லை. வெயில் சுடுவது நுகர்ச்சி. சுடக்கூடாது என்று மனம் அடம்பிடிப்பது வேட்கை. சொந்த ஊரில் சொந்த மக்களோடு வாழ்பவருக்கும் இந்தப் பகுப்பு பொருந்தும் என்றாலும், தம் விருப்பத்தால் வேறொரு நாட்டைத் தேர்ந்து குடியேறியவரிடம் அது கடுமையான சோதனைக்கு உள்ளாகிறது. ஏனெனில் அவர் அகதியும் அல்லர், பிழைப்புத் தேடி வந்த கூலியாளும் அல்லர், இன்பத்தை எதிர்பார்த்தே வந்தவர். எதிர்பார்த்த இன்பம் கிடைத்த பின்னும் அவருடைய மனக்குறை ஏன் தீர்வதில்லை என்பது வம்புப் பேச்சோடு நின்றுவிடத்தக்க கேள்வி அன்று.

இதை ஆராய்வதற்குத் தாய்லாந்து ஏற்ற களம். சியாங் மாய், ஹுவா ஹின், பட்டாயா போன்ற நகரங்களிலும், இசான் எனப்படும் வடகிழக்குப் பகுதியின் சிற்றூர்களிலும் ஐரோப்பிய, அமெரிக்க, ஆஸ்திரேலிய ஓய்வூதியர் பலர் நிலையாகத் தங்கியிருக்கின்றனர். இசானில் தங்கியவர்களுள் உள்ளூர்ப் பெண்களை மணந்தவர்கள் மிகுதி. ஊரார் அவர்களை ஃபராங் என்பர். தமிழின் ‘பறங்கி’க்கு உறவான சொல் அது. அவர்களுடைய அன்றாட இனிமைகள் சிறியவை, ஆனால் பொய்யானவை அல்ல. விடியற்காலைச் சந்தையில் மூங்கில் கூடையிலிருந்து ஆவி பறக்க எடுத்துத் தரப்படும் ஒட்டரிசிச் சோறு, மர உலக்கையின் கீழ் மிளகாயோடும் எலுமிச்சையோடும் நசுங்கும் பச்சைப் பப்பாளி, ஏப்ரல் மாத மாம்பழத்துண்டுகளின்மேல் ஊற்றப்படும் உப்பிட்ட தேங்காய்ப்பால் ஆகியவை கையில் இருக்கும் சில்லறைக்கே கிடைக்கின்றன. மாலையில் வாசலில் பாய் விரித்து அமர்ந்திருப்போர், தெருவில் போகிறவரைச் சாப்பிட்டாயிற்றா என்றும் எங்கே பயணம் என்றும் விசாரிக்கின்றனர். (முதல் ஆண்டில் இதைத் துருவலாக எண்ணி முகம் சுளிக்கும் மேலைநாட்டார் உண்டு, தமிழருக்கு இதில் விளக்க வேண்டியது எதுவும் இல்லை.)

எரிச்சல்களும் அதே தெருவில்தான் கிடைக்கின்றன. கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கி வழியே ஊர்த்தலைவர் காலை நேரத்தில் படிக்கும் அறிவிப்புகள், இரவெல்லாம் ஒன்றையொன்று தூண்டிக் குரைக்கும் தெருநாய்கள், திருமணத்துக்கும் துறவேற்புக்கும் வேறுபாடின்றி அதிரும் இசைவண்டிகள், வடக்கே பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயலும் காடும் எரிவதால் கண்ணை மறைக்கும் புகை என அவை நீளும். ஆயினும் அயலாரை உண்மையில் வருத்துவது ஓசையோ புகையோ அன்று. நாளைக் காலை வந்துவிடுகிறேன் என்று சிரித்த முகத்தோடு சொல்லிச் சென்ற குழாய் பழுதுபார்ப்பவர் மறுநாளும் அதற்கு மறுநாளும் வராதிருப்பதும், வராததைப் பற்றி வீட்டில் எவரும் சினம் கொள்ளாதிருப்பதும் அவரை அதிகம் வாட்டுகின்றன. தாய்லாந்தினர் கிரெங் ஜாய் என்று சொல்லும் மனப்பாங்கு இதன் பின்னால் இருக்கிறது. பிறரைச் சங்கடத்துக்கு உள்ளாக்கக் கூடாது என்ற தயக்கமே அது. முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வதை அது தடுக்கிறது. குரலை உயர்த்தியவர் வழக்கில் வென்றாலும் மதிப்பில் தோற்றுவிடுகிறார்.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தம் நாட்டின் சச்சரவும் கடுஞ்சொல்லும் இங்கே இல்லை என்று மகிழ்ந்து வந்த ஃபராங்கைக் குழாய்க்காரர் ஏமாற்றியது அந்தக் கடுஞ்சொல் இன்மையால்தான். இன்னும் ஆழத்தில் அவருடைய இன்பதுன்பம் இரண்டுக்கும் ‘விலக்கு’ என்னும் ஒரே நிலை அடிப்படையாக உள்ளது. நடவுக்கு வா என்று அவரை யாரும் அழைப்பதில்லை. மரியாதைச் சொல் தவறினால் அயலார்தானே என்று சிரித்து விட்டுவிடுகின்றனர். பிறந்த நாட்டின் உறவுக்கடமைகளோ கடலுக்கு அப்பால் நின்றுவிட்டன. இந்த இலேசுத்தன்மையே அவர் தேடி வந்த சுகம். ஆனால் மைத்துனரின் கடன் பற்றிய பேச்சு அவர் எதிரிலேயே, அவர் பெயரையும் இடையிடையே சொல்லி, அவருக்கு விளங்காத லாவோ வழக்கில் நடந்து முடிகிறது. எதையும் செய்யுமாறு கேட்கப்படாதவரிடம் எதைப் பற்றியும் கருத்துக் கேட்கப்படுவதில்லை. பணம் மட்டும் இதற்கு விதிவிலக்கு; அந்த விதிவிலக்கே அவரை மேலும் புண்படுத்துகிறது.

இந்நிலைக்குப் பலர் கையில் ஆயத்தமாக ஒரு பௌத்த விடை இருக்கிறது. பாலி நூல்தொகுதியான சம்யுத்த நிகாயத்தின் சல்லத்த சுத்தம் என்னும் உரை, உடலில் பாய்ந்த அம்பைவிட அதை எண்ணி மனம் தனக்குத்தானே எய்துகொள்ளும் இரண்டாம் அம்பே அறிவிலியை வருத்துகிறது என்று கூறுகிறது. குழாய்க்காரர் வராதது முதல் அம்பு, அதற்காக நாள் முழுவதும் புகைவது இரண்டாம் அம்பு. பரவாயில்லை என்னும் பொருள்பட எதற்கும் எல்லாரும் சொல்லும் ‘மை பென் ராய்’ இந்த ஞானத்தின் அன்றாட வடிவம் என்றும், அதைக் கற்றுக்கொண்ட அயலார் அமைதி அடைவார் என்றும் சொல்லப்படுகிறது. இவ்விடை தவறன்று, ஆனால் அளவுக்கு மீறி எளிதானது. உபேக்கா எனப்படும் நடுவுநிலைமை மைத்திரியும் கருணையும் முதிர்ந்த பின் வரும் நிலையாகப் பௌத்த நூல்களில் வைக்கப்பட்டிருக்கிறது. தொல்லை வேண்டாம் என்று கைகழுவிக்கொள்வது அதன் பெயரைச் சூடிக்கொள்ள முடியாது.

தாய்லாந்துச் சிந்தனையாளர்களே இதில் ஒருமித்தவர்கள் அல்லர். தென்பகுதியில் சையா என்னும் ஊரருகே 1932-இல் சுவான் மோக் என்ற வனமடத்தை நிறுவிய புத்ததாச பிக்கு (1906–1993), ‘நான்’, ‘எனது’ என்னும் பிடிப்பு நீங்கிய வெறுமை மனத்தோடு உலகியல் வேலைகளையும் செய்யலாம், செய்ய வேண்டும் என்று போதித்தார். பிற்காலத்தில் நாட்டின் பிரதமராகவும் இருந்த எழுத்தாளர் குக்ரித் பிரமோஜ் 1960-களில் அவரோடு வெளிப்படையாகவே வாதிட்டார். வெறுமை மனம் துறவிக்குப் பொருந்துமேயன்றி, வீட்டையும் நாட்டையும் நடத்த வேண்டியவருக்கு அது உதவாது என்பது அவர் நிலைப்பாடு. ஓய்வூதியர் இந்த வாதத்தின் இரு தரப்புக்கும் நடுவில் வந்து விழுகிறார். அவருக்குத் துறவும் இல்லை, நடத்த வேண்டிய உலகமும் பெரிதாக இல்லை. அவருடைய மை பென் ராய் எதை விட்டுக்கொடுத்ததற்கான சொல் என்பதே தெளிவாவதில்லை.

ஆகவே கேள்வியை வேறொரு பக்கத்திலிருந்து அணுகுவது பயன் தரும். அங்குத்தர நிகாயத்தின் அனண சுத்தத்தில் புத்தர், இல்லறத்தாரான அனாதபிண்டிகருக்கு நான்கு சுகங்களை எடுத்துரைக்கிறார். நேரிய உழைப்பால் ஈட்டிய பொருள் தன்னிடம் உள்ளது என்னும் சுகம் முதலாவது. அதைத் தானும் துய்த்து அறமும் செய்யும் சுகம் இரண்டாவது. சிறிதளவோ பெரிதளவோ எவருக்கும் கடன்படாதிருக்கும் சுகம், பாலியில் அனண சுகம், மூன்றாவது. உடலாலும் சொல்லாலும் மனத்தாலும் பழியற்றிருக்கும் சுகம் நான்காவது. முதல் மூன்றும் நான்காவதன் பதினாறில் ஒரு பங்குக்கும் ஈடாகா என்று அச்சுத்தம் முடிகிறது. அயலார் வாழ்வின் இனிமைகளை இந்த அளவுகோலால் அளந்தால், முதல் இரண்டு சுகங்களும் அவருக்கு ஐயமின்றி உள்ளன. மூன்றாவதும் உள்ளது என்றே அவர் நம்புகிறார். வீட்டு வாடகையிலோ கடைக்கணக்கிலோ ஒரு பாட் நிலுவையும் அவருக்கு இல்லை.

சிக்கல் எழுவது இங்கேதான். அவர் வாழும் ஊரில் கடன் என்பது பணக்கணக்கில் அடங்குவதன்று. பெற்றோரும் ஆசிரியரும் ஆபத்தில் உதவியவரும் செய்த நன்மையால் ஒருவர்மேல் ஏறும் நன்றிக்கடனை அவ்வூரார் புன்குன் என்பர். அதை உணர்ந்து வாழ்நாள் முழுதும் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டே இருப்பதைக் கதன்யு என்பர். வயதான தாய்க்கு மாதந்தோறும் பணம் அனுப்பும் மகளும், தாய்க்குப் புண்ணியம் சேர்க்க ஒரு மழைக்காலம் காவி உடுக்கும் மகனும் இக்கடனையே செலுத்துகின்றனர். அது தீரும் என்று இருவரும் எதிர்பார்ப்பதும் இல்லை. இத்தகைய ஊரில் எவருக்கும் எதுவும் கொடுக்கவேண்டாதவர் சுகவாசியாகத் தெரிவதைவிட, கணக்கில் சேராதவராகத் தெரிவதே இயல்பு.

நாட்டின் சட்டம் அவரை இந்நிலையிலேயே நிறுத்தி வைக்கிறது. ஓய்வூதியராக ஆண்டுதோறும் தங்கல் அனுமதியை நீட்டிக்க விரும்புபவர் 50 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். தாய்லாந்து வங்கியில் 8 லட்சம் பாட் இருப்பையோ, மாதம் 65,000 பாட் வருமானத்தையோ காட்ட வேண்டும். 1979-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டப்படி 90 நாளுக்கு ஒருமுறை தம் முகவரியை அறிவிக்க வேண்டும். நிலம் அவர் பெயரில் பதிவாகாது. அடுக்ககங்களில் மொத்தப் பரப்பில் 49 விழுக்காட்டுக்கு மேல் அயலாரிடம் இருக்க முடியாது. நிரந்தர வதிவுரிமையோ ஒரு நாட்டவருக்கு ஆண்டுக்கு 100 பேர் என்ற வரம்புக்குட்பட்டது. இவ்விதிகளைக் கொடுமை என்று சொல்வதற்கில்லை. தம் மண்ணைக் காக்க விரும்பும் எந்த நாடும் இவற்றைப் போன்ற சிலவற்றை வகுக்கும். ஆனால் அவற்றின் உட்பொருளை நோக்கினால், தங்குவதற்கு அவர் ஆண்டுதோறும் எண்பிக்க வேண்டியது ஒன்றே: இந்நாட்டில் எவரையும் சார்ந்து நான் வாழவில்லை என்பது.

இதற்கு நேர்மாறான ஏற்பாடு அதே இசானில் இருக்கிறது. உபோன் ராட்சதானி மாகாணத்தில் வாட் நோங் பா போங் என்னும் வனமடத்தை 1954-இல் நிறுவிய ஆஜான் சா (1918–1992), தம்மிடம் வந்து சேர்ந்த மேலைநாட்டுச் சீடர்களுக்கென 1975-இல் வாட் பா நானாசாட் என்ற தனி மடத்தை அமைத்தார். அமெரிக்கரான சுமேதோ பிக்கு அதன் முதல் தலைவர். பூங் வாய் என்னும் சிற்றூரார் பிணம் சுடும் காடாகப் பயன்படுத்திவந்த இடம் அது. துறவிகளை அங்கே தங்கச் சொல்லி வேண்டியவர்களும் அவ்வூராரே. அங்கு வாழும் அயல்நாட்டுப் பிக்குவை 227 விதிகள் கட்டுப்படுத்துகின்றன. பிறர் கையால் அளிக்கப்படாத உணவை அவர் உண்ணக் கூடாது. இன்று பெற்றதை நாளைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. நண்பகலுக்குப் பின் உண்ணக் கூடாது. பணத்தைத் தொடக் கூடாது. எனவே விடியும் வேளையில் வெறுங்காலோடு பாத்திரம் ஏந்தி அவர் ஊருக்குள் நடக்கிறார். வாசலில் மண்டியிட்டிருக்கும் மூதாட்டி தம் கூடையிலிருந்து ஒட்டரிசிச் சோற்றைக் கிள்ளி உருட்டி அதில் இடுகிறார். பிக்கு நன்றி சொல்வதில்லை, கைகூப்புபவர் கொடுத்தவரே. ஊரார் ஒருநாள் வாசலுக்கு வராவிட்டால் அன்று அவருக்கு உணவில்லை.

அயலாரான இருவரில் ஒருவரை அரசின் சட்டம் எவரையும் சாராதிருக்கப் பணிக்கிறது. மற்றவரை விநயம் என்னும் துறவு ஒழுக்கநூல் நாள்தோறும் சார்ந்திருக்கப் பணிக்கிறது. துறவியும் விசாவிலிருந்து விடுபட்டவர் அல்லர் என்பது உண்மையே. (மழைக்காலத்தில் மூன்று மாதம் ஓரிடத்திலேயே தங்க வேண்டும் என்று பிக்குகளுக்கு விதித்த விநயமும், 90 நாளுக்கு ஒருமுறை எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்கும் குடிவரவுச் சட்டமும் ஒரே கால அளவில் சந்திப்பது தற்செயல்தான் என்றாலும் சுவையானது.) ஆயினும் உறவையும் உடைமையையும் துறந்தவர் ஊருக்கு நெருக்கமானவராகவும், மனைவி மக்களோடு அதே ஊரில் வாழ்பவர் தொலைவானவராகவும் ஆகிவிடும் முரணைப் பற்றின்மை என்ற ஒரே கருத்தைக் கொண்டு விளக்க முடியாது. துறவியின் பற்றின்மை, தம் உயிர் பிறர் கையில் இருக்கிறது என்ற ஒப்புதலின்மேல் நிற்கிறது. ஓய்வூதியரின் விலக்குக்கு அந்த அடித்தளம் இல்லை; ஆகவே அது விடுதலையைப் போலத் தோன்றினாலும், விடுதலை தரவேண்டிய அமைதியைத் தருவதில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு; அது வலுவானது. துறவி சார்ந்திருப்பதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டு மரபு வழி வகுத்திருக்கிறது. காவி உடுத்தவர் எந்நாட்டவராயினும் ஊரார் அவரை அடையாளம் காண்கின்றனர். இல்லறத்தாரான அயலாருக்கு அப்படியொரு வழி இல்லை. சமயத்தின் வாசலிலேயே அவர் வேறு வரிசையில் நிறுத்தப்படுவதும் உண்டு. பாங்காக்கின் மரகத புத்தர் கோயிலுக்குத் தாய்லாந்தினர் கட்டணமின்றி நுழைய, அவ்வூரிலேயே பல்லாண்டு வாழும் அயலாரும் சுற்றுலாப் பயணியைப் போல 500 பாட் செலுத்த நேர்கிறது. தொகை பெரிதன்று, புத்தரை வணங்க வந்தவரின் முகத்தைப் பார்த்து விலை சொல்லப்படுவது நோகிறது. இந்த நோவை வேட்கையின் விளைவு என்று தள்ளிவிடுவது பௌத்த அறிவுரையாகத் தெரியலாம். உண்மையில் அது முறைகேட்டை மென்மையாக ஏற்கச் செய்யும் தந்திரமாகவும் முடியக்கூடும். கட்டணம் வசூலிப்பவரின் செயல் பழியற்றதா என்பதும் நான்காம் சுகம் பற்றிய கேள்வியே.

எனினும் ஊர் தன் பங்குக்குச் சில வாயில்களைத் திறந்தே வைத்திருக்கிறது. மனைவியின் நிலத்தில் புதுவீடு கட்டி முடிந்ததும் பிக்குகளை அழைத்து மங்களம் ஓதச் செய்வது வழக்கம். வெள்ளை நூல் ஒன்று புத்தர் உருவத்திலிருந்து தொடங்கி வீட்டைச் சுற்றி வந்து, ஓதும் பிக்குகளின் கைகள் வழியே செல்கிறது. கால்களை ஒருபக்கமாக மடித்துப் பாதம் எவரையும் நோக்காதபடி அமர்ந்திருக்கும் ஃபராங்குக்குக் கால்மணி நேரத்தில் தொடை மரத்துவிடுகிறது. அவர் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குக் காலை மாற்ற முயல்வதைப் பின்வரிசைக் கிழவிகள் பார்த்து வாய்பொத்திச் சிரிக்கின்றனர். அப்போது ஓதப்படும் மங்கள சுத்தம், தகுந்த நாட்டில் வாழ்வதை மேலான மங்களங்களுள் ஒன்றாகச் சொல்கிறது. நன்றியறிதலையும் அதே பட்டியலில் வைக்கிறது. அவருக்கு அந்தப் பாலி விளங்காது. சுற்றியிருப்போரில் பலருக்கும் விளங்காது. முடிவில் சிறு குவளையிலிருந்து கிண்ணத்தில் நீரைச் சொட்டவிட்டு, பெற்ற புண்ணியத்தை இறந்த முன்னோருக்கு வழங்கும்போது, கைநீட்டி மனைவியின் முழங்கையைத் தொட்டுக்கொள்ளுமாறு யாரோ அவருக்குச் சைகை செய்கின்றனர்; அவ்வாறு தொட்டவருக்கும் அந்த வழங்கலில் பங்கு உண்டு என்பது நம்பிக்கை. கடலுக்கு அப்பால் புதைக்கப்பட்ட அவர் பெற்றோரும் அந்தக் கணக்கில் வந்துவிடுகின்றனர்.

அயல்மண்ணில் கடன்பட்டும் கடனாற்றியும் வாழ்வது புதிய செய்தியன்று. அதன் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று தமிழில் இருக்கிறது. தாய்லாந்தின் மேற்குக் கரையில் தக்குவாபா அருகே கிடைத்த, 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்வெட்டு, அவனிநாரணம் என்று பெயரிடப்பட்ட குளம் தோண்டப்பட்டதையும், மணிக்கிராமம் என்னும் வணிகக்குழு முதலானோரின் பாதுகாப்பில் அது விடப்பட்டதையும் தெரிவிக்கிறது. அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்மப் பல்லவனின் பட்டம். வணிகர் இலாபத்துக்கு வந்தவர்கள்; ஆனால் குளம் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோகக்கூடிய பொருள் அன்று. இக்கால ஃபராங் கோயிலுக்குக் கொடுக்கும் சிமெந்து இருக்கையின் முதுகில் அவர் பெயர் தாய்லாந்து எழுத்தில், பல வேளைகளில் தொகையோடு சேர்த்து எழுதப்படுவதும் இவ்வகையைச் சேர்ந்ததே என்று சொல்லத் தோன்றும். ஒரு வேறுபாடு இருக்கிறது: குளத்தை யார் காக்க வேண்டும் என்பதையும் கல்வெட்டு சொல்லிவிடுகிறது, இருக்கை அத்தகைய பொறுப்பு எதையும் எவர்மேலும் ஏற்றுவதில்லை.

பொறுப்பு ஏறும் இடம் சாவுவீடு. இசானில் ஒருவர் இறந்தால் எரியூட்டும் வரை சில இரவுகள் பிக்குகள் வந்து அபிதர்மம் ஓதுகின்றனர். அண்டை வீட்டுப் பெண்கள் கூடிச் சமைக்கின்றனர். வருவோர் உறையில் பணம் வைத்துத் தர, வீட்டார் ஒருவர் பெயரையும் தொகையையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார். நம் ஊர் மொய் நோட்டும் அதுவும் ஒன்றே. 100, 200 பாட் என்று எழுதப்படும் அந்தத் தொகை, எழுதப்பட்டவர் வீட்டுச் சாவுக்கோ துறவேற்புக்கோ ஏறத்தாழ அதே அளவில் திரும்ப வேண்டும். திரும்பும் வரை இரு வீடுகளும் ஒன்றுக்கொன்று கடன்பட்டிருக்கின்றன. இதை அறியாத ஃபராங் நல்லெண்ணத்தோடு 5,000 பாட் வைத்துவிடுகிறார். பெற்றவர்கள் பணிந்து கும்பிடுகின்றனர், குறிப்பேட்டிலும் ஏறுகிறது, ஆனால் அதற்கு எதிர்மொய் செய்யும் ஆற்றல் அவ்வீட்டுக்கு இல்லை. கொடுத்த கணத்திலேயே அது மொய்யாக இராமல் தானமாகிவிடுகிறது, தானம் ஏற்பதற்கு ஊரில் தனியே பிக்குகள் இருக்கின்றனர். சில ஆண்டுகள் அங்கே வாழ்ந்த பின் அவர் மனைவி உறையை வாங்கிப் பிரித்து, 200 பாட்டை மட்டும் உள்ளே விட்டு, எஞ்சியதைக் கைப்பைக்குள் வைத்துக்கொள்கிறார். அவருக்கு அது கஞ்சத்தனமாகப் படுகிறது. வழியெல்லாம் அதைச் சொல்லிக் குறைபட்டுக்கொண்டே வருகிறார். குறிப்பேட்டில் அவர் பெயருக்கு எதிரே, ஊரில் மற்ற வீடுகள் எழுதிய அதே தொகை ஏறுகிறது.